பாறை சொன்னதும் சொல்லாததும்

இறந்துபோனவர்களை விசாரித்துத் தீர்ப்பளிக்க உயிரோடிருப்பவர்களுக்கு உரிமை உண்டா? பல்கலைக்கழகத்தில் இளங்கலை வரலாறு பயிலும் மாணவன், படிப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே இந்தக் கேள்வியைச் சந்திக்கிறான். பள்ளியில் பிறர் கண்ட முடிவுகளை அவன் மனப்பாடம் செய்தான். இங்கே அவனிடம் தரப்படுபவை சான்றுகள். முடிவை அவனே எழுத வேண்டும்; எழுதியதற்குப் பொறுப்பும் அவனே ஏற்க வேண்டும்.

பண்டைய இந்திய வரலாற்றில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. முடிசூடி எட்டு ஆண்டுகள் கழிந்தபின், ஏறக்குறைய கி.மு. 261-இல், கலிங்கத்தை வென்ற செய்தியை மன்னர் அதில் கூறுகிறார். 1,50,000 பேர் அந்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர்; 1,00,000 பேர் கொல்லப்பட்டனர்; அதைப் போலப் பல மடங்கு மக்கள் மாண்டனர். இதற்காகத் தாம் பெரிதும் வருந்துவதாகவும் அவர் அறிவிக்கிறார். வென்ற அரசன் தன் வெற்றிக்காக வருந்திக் கல்லில் எழுதிவைப்பது உலக வரலாற்றில் மிக அரிது.

படிக்கும் மாணவனின் மனம் உருகுகிறது. ஆனால் பாடம் அத்துடன் முடிவதில்லை. கலிங்க நாட்டுக்குள்ளேயே தௌலி, ஜௌகடா என்னும் இரண்டு இடங்களில் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் உள்ளன. அங்கே இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகளே என்றும், எவரையும் காரணமின்றிச் சிறையிலிட்டுத் துன்புறுத்தலாகாது என்றும் அதிகாரிகளுக்கு இட்ட ஆணைகளே அங்கு உள்ளன. இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷாபாஸ்கடி வரை பொறிக்கப்பட்ட வருத்தம், துன்பப்பட்டவர்களின் மண்ணில் பொறிக்கப்படவில்லை. தவிரவும், தாம் வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை தமக்கு உண்டு என்று காட்டுவாழ் மக்களை அதே கல்வெட்டு எச்சரிக்கிறது. கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்ப அனுப்பப்பட்டதாக அதில் ஒரு சொல்லும் இல்லை.

அப்படியானால் அந்த வருத்தம் உண்மையானதா, அரச தந்திரமா?

இங்கே மாணவனுக்கு இரண்டு எளிய வழிகள் தென்படுகின்றன. ஒன்று, மன்னரை மகானாகப் போற்றி, இடர்தரும் சான்றுகளைப் பேசாமல் விடுவது. மற்றொன்று, எல்லாம் வெறும் அரசியல் என்று இகழ்ந்து ஒதுக்குவது. முதலாவது பக்தியைப் போலவும் இரண்டாவது கூரிய அறிவைப் போலவும் தோன்றுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே பிழையைச் செய்கின்றன: சான்று எட்டாத இடத்தில், மற்றொருவரின் உள்ளத்துக்குள், தாம் நேரில் கண்டதைப் போலப் பேசுகின்றன.

கல்வெட்டைக் கலிங்கத்தில் தவிர்த்த காரணம் எங்கும் எழுதப்படவில்லை. புண்ணைக் கிளற வேண்டாமென்ற இரக்கமாக இருக்கலாம், கிளர்ச்சி எழுமென்ற அச்சமாக இருக்கலாம், நாணமாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் மாணவன் நிற்கக் கற்க வேண்டும். அறிந்ததை மறைப்பது மட்டும் பொய்யன்று. அறியாததை அறிந்ததுபோல் சொல்வதும் பொய்யே. வாக்கில் சத்தியம் காப்பது என்று ஆன்றோர் வகுத்த ஒழுக்கத்தில் இரண்டும் அடங்கும்.

உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் நிற்பதால், செயலைப் பற்றியும் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதில்லை. செய்த தவற்றுக்கு வருந்துதல், அதை வெளிப்படச் சொல்லுதல், மீண்டும் செய்யாதிருக்க உறுதிகொள்ளுதல் ஆகியவற்றைத் தர்ம நூல்கள் பரிகாரமாகக் கூறுகின்றன. இம்மூன்றும் அசோகரின் சொற்களில் உள்ளன. புதிய வெற்றிகளை நாட வேண்டாமென்று தம் மக்களுக்கும் பேரர்களுக்கும் அவர் சொல்லிவைத்தார். இழந்தவர்களுக்கு இழந்ததைத் திருப்பித் தந்ததற்குச் சான்று இல்லை. இவ்விரண்டையும், ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல், அருகருகே எழுதுவதே நேர்மை.

இந்த நேர்மை எவருக்காக? அசோகர் புகழோ பழியோ தீண்ட முடியாத தொலைவுக்குச் சென்றுவிட்டார். ஆனால் கொண்டுசெல்லப்பட்ட அந்த 1,50,000 பேர் தங்களைப் பற்றி ஒரு வரியும் விட்டுச்செல்லவில்லை. அசோகரை விரிவாகப் போற்றும் இலங்கையின் மகாவம்சமும் கலிங்கப் போரைச் சொல்லவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த பிறகே அப்போரின் செய்தி மீண்டும் வெளிச்சத்துக்கு வர வழி பிறந்தது. அவர்கள் துன்பத்துக்குச் சாட்சி, துன்பம் விளைவித்தவரின் சொல் ஒன்றே. அந்தச் சொல்லைப் புகழ்மாலையாக்கினால் அவர்கள் மறக்கப்படுவார்கள். பொய்யென்று தள்ளினால் அவர்களுக்கிருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

இளங்கலை வரலாறு பயில்பவர்களில் பெரும்பாலோர் வரலாற்று ஆசிரியர்கள் ஆவதில்லை. வங்கியிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ பணிக்குச் செல்கிறார்கள். படித்த ஆண்டுகளையும் பெயர்களையும் நாளடைவில் மறக்கிறார்கள். ஆயினும், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ பிற சமூகத்தவரைப் பற்றியோ ஒரு செய்தி காதில் விழும்போது, ‘இதற்குச் சான்று என்ன? இதில் எவருடைய குரல் இல்லை?’ என்று ஒரு கணம் நின்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் தங்கியிருக்குமானால், மூன்றாண்டுப் படிப்பு வீண்போகவில்லை.