காலாற நடத்தல்

வைகறையில் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் நடப்போரைக் கண்டால் இருவகையினர் தென்படுவர். மருத்துவர் சொற்படி வேர்வை அரும்ப விரைபவர் ஒரு வகை. போக்கிடம் ஏதுமின்றி, எதிர்ப்பட்டவரிடம் இரண்டு வார்த்தை பேசிக் காலாற நடப்பவர் மற்றொரு வகை. பின்னவரை வேலையற்றவர் என்று சொல்லிவிடுவது எளிது. அது தர்மந்தானா என்று சொற்களையே கேட்டுப் பார்க்கலாம்.

‘காலாற’ என்பதிலேயே ஒரு விந்தை உண்டு. ஆறுதல் என்றால் தணிதல், இளைப்பு நீங்குதல். நடந்தால் கால் நோகும் என்பது உலகறிந்தது. இங்கோ நடையாலேயே கால் இளைப்பாறுகிறது. உலாவுதலும் அத்தகையதே. காற்று உலாவும், மணம் உலாவும். எங்கே போய்ச் சேரும் என்று அவற்றை யாரும் கேட்பதில்லை.

வடமொழியில் ‘சர்’ என்னும் தாதுவுக்கு நடத்தல், திரிதல் என்பது பொருள். ஸஞ்சாரம் அதிலிருந்து வந்தது. ஆசாரம், விசாரம், உபசாரம், பிரம்மசரியம் யாவும் அதே வயிற்றுப் பிள்ளைகள், அபசாரமுந்தான்! தமிழிலும் நடையிலிருந்தே நடத்தை பிறந்தது. ஒருவன் எவ்வாறு நடக்கிறான், எவ்வாறு வாழ்கிறான் என்பவை முன்னோருக்கு இரண்டு கேள்விகளாகத் தோன்றவில்லை போலும்.

இவ்வூருக்குப் பெயர் தந்தவர் 1765இல் கவர்னராக வந்த பிரெஞ்சுக்காரர் லா தெ லொரிஸ்தோன். அவர் மொழியில் உலாவுவதற்கு ‘ப்ரொம்னாட்’ என்று பெயர். புதுவைக் கடற்கரைச் சாலையை இன்றும் அப்படி அழைப்பவர் உண்டு. அதன் வேர்ச்சொல் இட்டுச் செல்லுதலைக் குறிப்பது. அதற்கும் மூலமான லத்தீன் சொல், கால்நடைகளை அதட்டி ஓட்டுவதற்கு வழங்கியது. அம்மொழியில் உலாவுபவன் தன்னைத் தானே இட்டுச் செல்கிறான்.

நம் ஸம்பிரதாயத்திலோ பெருமாளை வீதிக்கு ‘எழுந்தருளப் பண்ணுதல்’ என்பர். ஸ்ரீபாதம் தாங்குவோர் தாங்கள் சுமப்பதாகச் சொல்வதில்லை, எழுந்தருளுகிறவன் அவனே. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் சிம்ம கதியிலும் ஸர்ப்ப கதியிலும் நடப்பதைக் கண்டவர்கள், தாங்குவோர் கால்களை மறந்துவிடுவர். சில தலங்களில் புறப்பாடு முடிந்தபின் ‘பத்தி உலாத்தல்’ உண்டு. பக்தியின் திரிபு என்று இதைக் கொள்ளலாகாது. பத்தி என்றால் வரிசை. வீதி சுற்றி வந்தவன் சற்றே முன்னும் பின்னுமாக உலாத்தி இளைப்பாறுகிறான். காலாற நடப்பதற்கு இதைவிட வேறு பிரமாணம் வேண்டுமோ?

திரிவிக்கிரமனாய் மூவடியில் உலகை அளந்தவனுக்கு ஒரு தெருவைக் கடக்க ஒரு நாழிகை எதற்கு? சந்நிதிக்கு வர இயலாத முதியோரும் நோயாளிகளும் வாசற்படியில் நிற்கிறார்கள். அவர்கள் கண் நிறையும் வரை அவன் நிற்க வேண்டும். ஸௌலப்யம் என்று ஆசாரியர்கள் போற்றும் எளிமை இதுவே. சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறும் முன், கோயிலுக்குள் விடப்படாதிருந்தவர்களின் தெருவுக்கும் அவன் போகாத ஊர்கள் பல. அது அவன் நடையின் குற்றமன்று; நடத்தினவர்களின் குற்றம்.

இந்நாளில் தோள் கொடுக்க ஆள் குறைந்து, டிராக்டரில் எழுந்தருளப் பண்ணுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆளில்லாத இடத்தில் சக்கரமும் கைங்கரியமே. ஆயினும் வண்டி விரைந்தால், கற்பூரத் தட்டை எடுக்க உள்ளே போன மூதாட்டி திரும்புமுன் பெருமாள் தெருமுனையைக் கடந்துவிடுகிறார். அடுத்த உற்சவம் வரை அவள் காத்திருக்க முடியுமா என்பதை யார் அறிவர்? ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஊர் அறிந்த ஒருவர் அமர்ந்து, திறந்திருக்கும் வாசல்தோறும் நிறுத்தச் சொன்னால் போதும்.