மலையும் கடைத்தெருவும்

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஸ்மோக்கி மலைகளின் அடிவாரத்தில், காட்லின்பர்க் என்று ஓர் ஊர். அதன் கடைசி சிக்னலைத் தாண்டியதும் கடைத்தெரு கத்தியால் வெட்டியது போல முடிந்து காடு தொடங்கிவிடுகிறது. இடையில் வயலோ தோப்போ கிடையாது. அக்டோபர் கடைசி வாரம். ஊர் முழுக்கக் கார்க் கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்த நண்பர், சிக்னல் தாண்டியதும் இறக்கிவிட்டு, “அப்பாடா” என்றார். நானும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டேன். யோசிக்க யோசிக்க, அந்த ‘அப்பாடா’ கள்ளமற்ற ஒலியாக எனக்குப் படவில்லை.

கடைத்தெருவைப் பழிப்பது சுலபம். காட்லின்பர்க்குக்கு முன்னால் வரும் பிஜன் ஃபோர்ஜில் ஒரு கட்டடம் தலைகீழாக நிற்கிறது. இன்னொன்று பாதி அளவு டைட்டானிக் கப்பல். கடல் பக்கத்தில் எங்குமில்லை. ஊரின் பெயரிலுள்ள பிஜன், ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய பயணிப் புறா. அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914-ல் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்துப்போயிற்று. காட்லின்பர்க்கில் கண்ணாடிக்குப் பின்னால் ஜவ்வு மிட்டாயை ஒரு இயந்திரம் இழுத்து இழுத்து மடிக்கிறது. பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். தன்னை ரசனை உள்ளவன் என்று நினைத்துக்கொள்கிறவன் இங்கே முகம் சுளிக்கிறான். இந்தச் சுளிப்புதான் காட்டுக்குள் போக அவன் எடுக்கும் டிக்கெட்.

அழகைப் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் கான்ட் வந்து நின்றுவிடுகிறார். 1790-ல் வெளியான அவருடைய மூன்றாவது விமர்சன நூலின் ஆரம்பப் பக்கங்களிலேயே ஒரு அரண்மனை உதாரணம் வருகிறது. இது அழகா என்று கேட்டால் பலவிதமாகத் தட்டிக்கழிக்கலாம். ரூஸோ பாணியில், ஜனங்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்தில் கொட்டிய பெரிய மனிதர்களைத் திட்டலாம். பாரிஸுக்கு வந்த இரோக்வாய் தலைவன் ஒருவனைப் போல, இந்த நகரத்தில் எனக்குப் பிடித்தவை சாப்பாட்டுக் கடைகள்தான் என்றும் சொல்லலாம். எல்லாம் சரி, கேள்வி அதுவல்ல என்கிறார் கான்ட். யாருக்குச் சொந்தம், எதற்குப் பயன் என்ற அக்கறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பார்வையில் அது மகிழ்விக்கிறதா என்பதே கேள்வி.

இந்தப் பற்றற்ற பார்வையை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் கவிதையைப் பற்றிக்கூட நாம் பேச முடியாது. ஆனால் அரண்மனையில் வியர்வையின் தடயம் கல்லிலும் தூணிலும் கண்ணெதிரே இருக்கிறது. ஒதுக்குகிறவன் எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்தே ஒதுக்குகிறான். இந்த மலையின் அழகோ மனிதர்களைக் கழித்து உண்டாக்கியது. கழித்துவிட்ட ஒன்றைக் கண் எப்படி ஒதுக்கிவைக்கும்? அது முதலிலேயே தென்படுவதில்லையே.

1838-ல் செரோக்கி மக்களைப் படை கொண்டு திரட்டி மேற்கே ஓட்டினார்கள், ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். எஞ்சிய சிலரின் சந்ததி இன்று மலையின் தெற்குப் பக்கம், பணம் கொடுத்து வாங்கிய நிலத்தில் வாழ்கிறது. பிறகு மரக் கம்பெனிகள் வந்து சரிவுகளின் பெரும்பகுதியை மொட்டையடித்தன. அதற்கும் பிறகு, தேசியப் பூங்காவுக்காக டென்னஸியும் வட கரோலினாவும் நிலத்தை வாங்கின. ராக்ஃபெல்லர் பணம் 50 லட்சம் டாலர் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள், மனமொப்பியோ வழக்காடித் தோற்றோ, நிலத்தை விட்டார்கள். பூங்கா 1934-ல் பிறந்தது.

கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கில் இந்தக் கழித்தல் கணக்கைக் கிட்ட நின்று பார்க்கலாம். 11 மைல் சுற்றுப்பாதை, ஒருவழி. கரடி தென்பட்டால் மொத்த ஊர்வலமும் நின்றுவிடும். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசைகள், தேவாலயங்கள், ஒரு மாவு மில். காலம் 1850-ல் நின்றுவிட்டது போலிருக்கும். நிறுத்தியவர்கள் உண்டு. மக்கள் வெளியேறியபோது அங்கே பலகை அடித்துக் கட்டிய, எல்லா ஊரிலும் இருப்பது போன்ற வீடுகளும் இருந்தன. பூங்கா அவற்றை இடித்துவிட்டுக் கட்டைக் குடிசைகளை வைத்துக்கொண்டது. மலைவாசி என்றால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று வருகிறவனுக்கு ஒரு எண்ணம் உண்டல்லவா? வயல்வெளி காடாகி மறைந்துவிடாமல் இன்றும் வெட்டிப் பராமரிக்கிறார்கள். பிஜன் ஃபோர்ஜின் தலைகீழ்க் கட்டடம் யாரையும் இப்படி நம்பவைக்கப் பார்ப்பதில்லை.

மறுநாள் கணவாயைக் கடந்து தெற்கே இறங்கினோம். உச்சியில் மரங்கள் உதிர்ந்து நின்றன. இறங்க இறங்க நிறம் கூடியது. நம் ஆறு பருவங்களில் இலை உதிர்வதற்கென்று ஒன்று கிடையாது. ‘இலையுதிர்காலம்’ எனக்குப் பாடப்புத்தகம் கொடுத்த சொல். மஞ்சள் புதிதாக வருவதில்லை. கோடை முழுவதும் இலைக்குள் இருந்தது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பை மட்டும் உதிரப்போகும் சமயத்தில் இலை புதிதாகத் தயாரிக்கிறது. ஏன் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் ஒருமித்த கருத்தில்லை. ஒரு காலத்தில் இங்கே மிகுந்திருந்த செஸ்ட்நட் மரங்களைப் பூசண நோய் அழித்துவிட்டது. ஆகவே நான் பார்த்த நிறம்கூட அந்தப் பழைய காட்டின் நிறமல்ல. இத்தனையும் தெரிந்த பின்னும் ஹிக்கரி மரத்தின் மஞ்சள் என்னைப் பேசவிடாமல் செய்தது. இதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும்.

குற்ற உணர்வைத் தூக்கிக்கொண்டு அலைவதிலும் எனக்கு உவப்பில்லை. பூங்கா வராமல் இருந்திருந்தால் மலையின் பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடம்தான் இருந்திருக்கும். இங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. 2023-லிருந்து கார் நிறுத்தத்துக்கு மட்டும் வாங்குகிறார்கள். அந்த வருஷம் 1 கோடியே 30 லட்சம் வருகைகள். அத்தனை பேருக்கும் ஒரு மலை கிடைத்தது சின்ன விஷயமில்லை. என் சங்கடம் ‘அப்பாடா’வோடு: காடு தூய்மை, கடை அசுத்தம் என்று பிரித்து, தன்னைத் தூய்மையின் கட்சியில் சேர்த்துக்கொள்கிற அந்தப் பெருமூச்சு. மனிதர்களை மலையிலிருந்து இறக்கிய எல்லைக்கோடுதான் அடிவாரத்தில் கடைகளைக் குவித்தது. 2016 நவம்பரில் பூங்காவுக்குள் பிடித்த தீ, காற்றோடு காட்லின்பர்க்கில் இறங்கி, 14 உயிர்களைக் கொண்டுபோயிற்று. தீ அந்தக் கோட்டைக் கவனிக்கவில்லை.

தெற்கு அடிவாரத்தில் செரோக்கி என்ற ஊர். சாலையோரத்தில் நீண்ட இறகுக் கிரீடம் அணிந்து, காசுக்குப் போட்டோவுக்கு நின்றவர்கள் இங்கே பல தலைமுறையாக உண்டு. அந்தக் கிரீடம் செரோக்கி மரபே இல்லை; மேற்கே சமவெளிப் பழங்குடிகளுடையது. சினிமா பார்த்துவிட்டு வந்தவன் அதைத்தான் கேட்டான், கொடுத்தார்கள். வேஷம் என்று தெரிந்து போட்டவனுக்கு, கட்டைக் குடிசையை நிஜமென்று நம்பியவனைவிடத் தெளிவு அதிகம். கான்ட்டின் இரோக்வாய் தலைவன் நினைவுக்கு வந்தான். செரோக்கி மொழி இரோக்வாய் குடும்பத்தைச் சேர்ந்தது. அரண்மனைகள் உள்ள நகரத்தில் அவன் சாப்பாட்டுக் கடையைத் தேர்ந்ததை ரசனைக் குறைவாக மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அந்நியன் என்று பாராமல் உட்காரவைத்த இடம் அதுவாக இருந்திருக்கலாம். 2024-ல் இந்த மலைகளின் மிக உயர்ந்த சிகரத்திலிருந்து, உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் தளபதியாயிருந்த ஒருவரின் பெயரை எடுத்துவிட்டு, குவோஹி என்ற செரோக்கிப் பெயரைத் திரும்ப வைத்தார்கள். பெயர் வந்துவிட்டது.

கடைசியாகப் பிரைஸன் சிட்டி பக்கம் ஒரு சாலை. 1940களில் போர்க்கால மின்சாரத்துக்காக ஃபான்டானா அணை எழும்பியபோது ஊர்களும் பழைய சாலையும் மூழ்கின. அக்கரை மேட்டில் கல்லறைகள் தங்கிவிட்டன. அங்கே போகப் புதுச் சாலை போட்டுத் தருவதாக 1943-ல் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 7 மைலும் ஒரு சுரங்கமும் முடிந்ததோடு வேலை நின்றது. பாறையிலிருந்து கசியும் அமிலம் ஓடைகளைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். 2010-ல், சாலைக்குப் பதில் 5 கோடியே 20 லட்சம் டாலர் என்று மாவட்டத்தோடு கணக்கு முடிக்கப்பட்டது. காட்சி பார்ப்பதற்கான 469 மைல் புளூ ரிட்ஜ் பார்க்வேயை 1935-ல் தொடங்கி, ஐம்பது வருஷத்துக்கு மேல் விடாமல், 1987-ல் முடித்திருக்கிறார்கள். கல்லறைக்காரர்களைக் குறிப்பிட்ட நாட்களில் பூங்காப் படகு அக்கரை சேர்க்கிறது.

சாலை சுரங்கத்தின் வாயருகே முடிகிறது. காரை நிறுத்திவிட்டு நடந்தோம். நண்பர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போனார். சுமார் 1,200 அடி நீளம், சுவரெல்லாம் கிறுக்கல்கள். அந்தப் பக்கம் வெளியே வந்தால் தார் இல்லை, வெறும் ஒற்றையடிப் பாதை, மேலே சிவந்த இலைகள். நண்பர் காமிராவை எடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்து, “எடுக்கலாமா?” என்றார். எடுங்கள் என்றேன்.