வண்டிச் சமையற்காரன்

பசித்தவனுக்குச் சோறு போடுவதில் அறம் பற்றிய கேள்விக்கே இடமில்லை என்று ஒரு அபிப்பிராயம் நம்மிடையே இருக்கிறது. போட்டான், உண்டான், தீர்ந்தது. எனக்கு அவ்வளவு சுலபமாகப் படவில்லை. அமெரிக்க மேற்கில் மாடோட்டிகளுக்குச் சமைத்தவனை முன்னிட்டு இதை யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

1866இல் டெக்ஸஸிலிருந்து நியூ மெக்ஸிகோவுக்குச் சுமார் 2,000 மாடுகளை ஓட்டிச் செல்வதற்காகச் சார்லஸ் குட்நைட் என்பவர் பழைய ராணுவ வண்டி ஒன்றின் பின்புறத்தில் அறைகள் வைத்த பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவைக் கீழே இறக்கினால் அதுவே சமையல் மேஜை. இந்த 'சக் வாகன்' பிறகு எத்தனையோ மந்தைகளோடு போயிற்று. விடியற்காலை மூன்று மணிக்கே சமையற்காரன் எழுந்துவிடுவான். முதல்நாளே ஊறப்போட்ட பீன்ஸ், உப்புப் பன்றிக்கறி, மூடிமேலும் தணலைக் கொட்டிச் சுடும் இரும்புச் சட்டியில் புளித்தமாவு ரொட்டி, கடுங்காப்பி. குளிரில் மாவு செத்துவிடாமலிருக்க அதைத் தன் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவான். மரமில்லாத சமவெளியில் எரிபொருள் வறட்டிதான். வண்டிக்கடியில் தொங்கும் தோல் தூளியில் சேர்த்துக்கொண்டே போவான். (இத்தனை மாடுகளுக்கு நடுவில் மாட்டிறைச்சி அபூர்வம். அவை விற்பதற்கானவை.)

மாடோட்டியைவிட அவனுக்குக் கூலி அதிகம். வண்டியைச் சுற்றி அவன் வைத்ததே சட்டம்: புழுதி கிளப்பிக்கொண்டு குதிரையில் வரக்கூடாது, அவன் கூப்பிடுமுன் தட்டைத் தொடக்கூடாது. காப்பிக்காக எழுந்தவனைப் பார்த்து 'பானையருகே ஆள்' என்று எவனாவது கத்தினால், எழுந்தவன் எல்லோருக்கும் ஊற்றியாக வேண்டும். இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு பிரியம் உண்டு. கொடுப்பவன், கொள்பவன் என்ற பேதம் ஒரு நிமிஷம் இடம் மாறிவிடுகிறது.

ஆனால் மந்தை போய்ச் சேர்ந்த இடம் ஃபோர்ட் சம்னர். அங்கே 1864 முதல் ராணுவம் ஆயிரக்கணக்கான நவஹோ மக்களை, அவர்கள் வீடுகளையும் பீச் மரங்களையும் அழித்துவிட்டு, 300 மைலுக்கு மேல் நடத்திவந்து அடைத்து வைத்திருந்தது. பயிரைப் புழு தின்றது. பெக்கோஸ் ஆற்றுத் தண்ணீர் உவர்ப்பு. இவர்களுக்குப் போடத்தான் எருதுகளை, உயிரெடையில் ராத்தலுக்கு 8 சென்ட் வீதம், ராணுவம் வாங்கிற்று.

ஆக, சமையற்காரனின் பீன்ஸ் சில மாடோட்டிகளின் வயிற்றை நிரப்பி, அவர்கள் வழியாக ஒரு சிறைக்கு உணவாகிறது. பசி தீர்த்தான் என்றால் இரண்டு தரம் தீர்த்தான். சிறையை நீடிக்க வைத்தான் என்றாலும் பொய்யில்லை. தன் தட்டுக்கு அப்பால் பார்க்கச் சொல்லிச் சமையற்காரனைக் கேட்பது அநியாயம் என்று வாதிக்கலாம். இந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. அவன் குற்றவாளி என்பதல்ல என் பேச்சு. சோறு போடுகிற காரியத்துக்குத் தானாகவே ஒரு புனிதம் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் தகராறு. ராணுவமும் சோறுதான் போட்டது. சீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டது. போலிச் சீட்டுகள் வந்ததும் உலோக வில்லை கொடுத்தார்கள். நவஹோ கொல்லர்கள் அதையும் போலியாக அடித்தார்கள். பழக்கமில்லாத காப்பிக்கொட்டையைப் பயறென்று எண்ணி வேகவைத்துப் பார்த்ததை அவர்களது வாய்மொழி நினைவுகள் சொல்கின்றன.

பானையருகே எழுந்து நின்று மற்றவனுக்கு ஊற்றும் பாத்தியதை அங்கே ஒருவனுக்கும் இல்லை. வாங்குபவனாக மட்டுமே இருக்கச் சபிக்கப்பட்டவனுக்கு அளவு கூடினாலும் குறைந்தாலும் அது தீனிதான். அந்த வில்லையைக் குற்றமாகக் கண்ட அதிகாரியைவிட, அதை அடித்த கொல்லனையே பந்தி விசாரித்தவன் என்று நான் சொல்வேன்.

1868 ஜூனில் உடன்படிக்கை எழுதி, அவர்கள் ஊருக்கு நடந்து திரும்பினார்கள். சக் வாகன்கள் அதன் பிறகும் பல வருஷங்கள் மந்தைகளின் முன்னால் போய்க்கொண்டிருந்தன.