யாருடைய கோபத்துக்கு அஞ்சி?

2021 ஏப்ரல் 22. அன்று ஒரே நாளில் இந்தியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கோவிட் தொற்று பதிவானது. அதே நாள் வாஷிங்டனில் வெளியுறவுத் துறைப் பேச்சாளர் நெட் பிரைஸிடம் செய்தியாளர் கேட்கிறார்: தடுப்பூசி தயாரிக்கும் மூலப்பொருட்களை இந்தியாவுக்கு எப்போது விடுவீர்கள்? எங்களுக்கு அமெரிக்க மக்களிடம் தனிப்பொறுப்பு இருக்கிறது, முதலில் அவர்கள்தான் என்ற பொருளில் பதில் வந்தது.

மறுநாள் அந்தச் செய்தியை பல்கலைக்கழக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவன் உடனே எழுதினான்: "இதுல என்னடா தப்பு? அவன் ஜனத்த அவன் பார்க்காம வேற யாரு பார்ப்பா? நம்ம கவர்மெண்டு மட்டும் என்ன செய்யுது?"

அவன் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தன் பிள்ளைக்குச் சோறு போட்ட பிறகுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பேன் என்று சொல்லும் தாயை யாரும் கெட்டவள் என்பதில்லை. ஆனால் இந்த உவமை பொருந்த வேண்டுமென்றால், சட்டியில் இருந்தது அந்தப் பிள்ளை சாப்பிடுகிற சோறாக இருக்க வேண்டும். எனக்குச் சிக்கல் அங்குதான்.

அமெரிக்கா அஸ்ட்ராஸெனிகா தடுப்பூசியையும் பெரிய அளவில் வாங்கி வைத்திருந்தது. அந்த ஊசிக்கு அந்நாட்டில் அனுமதி இல்லை. கடைசிவரை கிடைக்கவும் இல்லை. ஃபைசர், மொடர்னா ஊசிகள் தாராளமாக வந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 19 முதல் பெரியவர்கள் எல்லாருமே ஊசிக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். அப்படியும் மார்ச் மாதம் மெக்ஸிகோவுக்கு 2.5 மில்லியன், கனடாவுக்கு 1.5 மில்லியன் என்று மட்டுமே கொடுத்தார்கள், அதுவும் கடன் என்ற பெயரில். உலகச் சுகாதார நிறுவனத்தைவிட்டு விலகுவதாக 2020 ஜூலையில் டிரம்ப் அரசு கடிதம் கொடுத்தது. 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளே, பைடன் அதை மாற்றினார். ஆள் மாறியது. ஊசி வரிசை மட்டும் மாறவில்லை.

நான் உற்பத்தித் துறையில் வேலை செய்கிறவன். ஆபத்துக்கென்று கொஞ்சம் சரக்கு எடுத்து வைப்பதை, அதாவது சேஃப்டி ஸ்டாக்கை, குறை சொல்ல மாட்டேன். ஒரு ஊசி பிசகினால் இன்னொன்று வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பால்டிமோர் ஆலையில் ஜான்சன் ஊசிக்கான சரக்கு 15 மில்லியன் டோஸ் அளவுக்குக் கெட்டுப்போனதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்று கணக்குப் போடும்போது வாடகை, காலாவதி, தட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் எங்கள் எக்செலில் ஒரு பத்தி இருக்கும். சரக்கு கிடைக்காமல் வெளியே நிற்கிறவனுக்குப் பத்தி கிடையாது. தொழிற்சாலையில் அது பரவாயில்லை. ஓர் அரசு அப்படியே கணக்குப் போடலாமா?

போட்டது ஏன் என்றால், என் பார்வையில், மக்களின் கோபத்துக்குப் பயந்து. உண்மையான கோபத்துக்கு அல்ல. வரக்கூடும் என்று கற்பனை செய்துகொண்ட கோபத்துக்கு. வால்டர் லிப்மன் 1922-இல் 'பொதுக் கருத்து' என்ற நூலை எழுதினார். மனிதர்கள் உலகத்துக்கு அல்ல, தங்கள் தலைக்குள் இருக்கும் உலகத்தின் படத்துக்கே எதிர்வினை செய்கிறார்கள் என்பது அவருடைய வாதம். இங்கே இன்னும் ஒரு படி. மக்களின் தலைக்குள் என்ன படம் இருக்கும் என்று அரசு தன் தலைக்குள் ஒரு படம் போட்டுக்கொள்கிறது. பிறகு அதற்குக் கீழ்ப்படிந்து, ஜனநாயகம் என்று பெயரும் வைத்துவிடுகிறது.

பொதுக் கருத்து மழை வெயில் மாதிரி தானாக வருவதும் இல்லை. பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில், சீனாவைப் பற்றிச் சாதகமற்ற எண்ணம் கொண்ட அமெரிக்கர்கள் 2017-இல் 47 விழுக்காடு. 2020 மார்ச்சில் 66. அதே ஆண்டு கோடையில் 73. கிருமி பாதி காரணம் என்றால், அதற்கு 'சீன வைரஸ்' என்று மேடையில் பெயர் வைத்த அதிபரும் ஒரு காரணம்தான். சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மக்களே சொல்கிறார்கள் பாருங்கள் என்பது.

அப்படியென்றால் ஒஹாயோவில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை இதற்குப் பொறுப்பா? அவரிடம் யாரும் கேட்கவே இல்லையே. பொறுப்பில்லை என்று சொல்லத்தான் முதலில் தோன்றும். ஆனால் ஏப்ரல் 22-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். காங்கிரஸ் உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தி (தமிழ்க் குடும்பம், படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங் என்பதில் எனக்கொரு அல்ப சந்தோஷம்) ஊசிகளை விடுவிக்கச் சொன்னார். அமெரிக்க வர்த்தக சபையும் அதையே கேட்டது. 25-ஆம் தேதி மூலப்பொருள் அனுப்பச் சம்மதித்தார்கள். 26-ஆம் தேதி, 60 மில்லியன் அஸ்ட்ராஸெனிகா ஊசிகளை உலகத்தோடு பகிர்வோம் என்ற அறிவிப்பு வந்தது. நாலே நாள். பயந்த கோபம் வரவே இல்லை. பெரிய எதிர்ப்பு ஒன்றும் கிளம்பவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மாறக்கூடிய இடத்தில் மௌனமாக இருந்ததற்கு ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். சின்னப் பங்கு, ஆனால் பூஜ்ஜியம் இல்லை.

இதைக் குழுவில் சொன்னபோது அதே நண்பன் கேட்டான்: "அப்போ பிரேசில்?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஏப்ரல் 6 அன்று பிரேசிலில் ஒரே நாளில் 4000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதும் ஊசி இருந்தது. இந்தியாவுக்காகப் பேச அங்கே மருத்துவர்கள், நிறுவனத் தலைவர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள் இருந்தார்கள். பிரேசிலுக்கு அந்த அளவுக்கு ஆள் பலம் இல்லை. குரல் கொடுத்தால் வரிசை மாறும் என்று நான் மெச்சிக்கொண்டது, சொந்தக்காரன் உள்ளே இருந்தால் வரிசை மாறும் என்பதுதானா? நம்ம ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸைத் தேடுவது மாதிரி.

ஜூலையில் மலேசியாவுக்கும் அமெரிக்கா 1 மில்லியன் ஃபைசர் ஊசிகளை அனுப்பியது. வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. விமானத்திலிருந்து பெட்டிகள் இறங்கும் படத்தைப் போட்டு, "வந்துருச்சு பாத்தியா" என்றான் அவன். எனக்கும் சந்தோஷம்தான். அந்த மாதம் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கே இன்னும் முழுதாக ஊசி போய்ச் சேர்ந்திருக்கவில்லை.