விதைப்பாசி

நோன்பு காலத்தில் உம்மா காய்ச்சி வைக்கும் கடற்பாசி. மன்னார்க் கரையோரம் ஒரு சிறிய பெண்கள் சங்கத்துக்குக் கணக்கெழுதப் போகும்வரை பாசி என்றால் எனக்கு அவ்வளவுதான். அங்கே வளர்த்தது வேறு இனம். கப்பாபைகஸ் என்பார்கள். பிலிப்பைன்ஸில் பயிராகத் தொடங்கி உலகக் கரைகளுக்குப் பரவியது. பற்பசையையும் ஐஸ்கிறீமையும் தடிப்பாக்கும் பொருளொன்றை அதிலிருந்து எடுக்கிறார்கள்.

இந்தப் பாசிக்குத் தனியாக விதை கிடையாது, பாசியே விதை. சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால், ஏறக்குறைய 45 நாட்களில் அறுக்கலாம். நல்ல காலத்தில் நாலு மடங்காகும். அறுத்ததில் இளங்கிளைகளை முறித்து மீண்டும் கட்ட வேண்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ தேறும். ஆகவே, விதைப்பாசியை ஒதுக்காமல் யாரும் காயப்போடக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி.

ஒரு வெயில் காலத்தில் கடல் சூடேறியது. கிளைகள் வெளுத்து, இளகி, கயிற்றிலிருந்து கழன்றன. ஓரா மீன் கடித்தது போக மிஞ்சியது சொற்பம். அங்கத்தவர்களுள் ஒரு ராத்தாவின் கணவர் நோயில் கிடந்தார். அவர் விதையையும் சேர்த்துக் காயப்போட்டார். நான் தடுத்தேன்.

"ராத்தா, இது அமானிதம். உங்களுக்கு மட்டும் உரியதில்ல."

"வீட்டுல கெடக்குற மனுசனும் அமானிதம்தானே தம்பி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அறுபது கிலோ விதை. காய்ந்து தராசில் ஏறியபோது ஆறு கிலோ.

அடுத்த அறுவடையில் அவருடைய கயிறுகள் வெறுமையாகக் கிடந்தன. விதை கேட்டுச் சங்கத்துக்கு வந்தார். "நாங்களும் அரை வயித்தோடதான் விதையக் காத்தோம்" என்றார் இன்னொருவர். அது நியாயமான பேச்சு. விதியை மீறியவருக்குக் கொடுத்தால், காத்தவர்களுக்கு அநீதி. கொடுக்காவிட்டால், நோயாளியோடு ஒரு குடும்பம் கரையில் நிற்கும். எது நீதி?

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். இலாபத்தைப் பங்கிட ஒரு நிரல் இருந்தது. கஷ்டத்தைப் பங்கிட எந்த நிரலும் இருக்கவில்லை. விதை பொதுவானது என்று விதி எழுதினோம். அதைக் காக்கும் சுமையை மட்டும் அவரவர் அடுப்படியில் விட்டிருந்தோம். அந்தப் புத்தகத்தை எழுதியவன் நான். ராத்தாவைத் தடுத்தபோது கடலைப் பற்றி நான் சொன்னது சரி. அவரைப் பற்றி நான் எதையும் விசாரிக்கவில்லை.

மறுநாள் ஆளுக்கு ஒரு கயிற்று விதை கொடுப்பதென்று முடிவாயிற்று. "சதக்காவா வேணாம், கடனாத் தாங்க" என்றார் ராத்தா. இரண்டு அறுவடைகளில் திருப்பிக் கட்டினார். ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகையை நோய் நொடிக்கென ஒதுக்கவும் தொடங்கினோம். எதிர்த்துப் பேசியவரும் தன் பங்கைக் கொடுத்தார். ஆனால் அந்த நிதியின் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குக் கேட்டார். அதுவும் தேவையாகத்தான் இருந்தது.

இதனால் கடல் குளிர்ந்துவிடவில்லை. சன்சிபாரில் 1989 முதல் இத்தொழிலைச் செய்து வருவோரில் பெரும்பாலானோர் பெண்கள். நம்மைப் போல் முஸ்லிம்கள். அங்கும் நீர் சூடேறி, கூடுதல் விலைபோகும் இனம் ஆழமற்ற கரையில் நிலைக்க முடியாமற்போனது. விதையைக் காத்தவருக்கும் காக்காதவருக்கும் ஒரே நட்டம்.

திட்ட அறிக்கைகளில் 'நிலைபேறான தொழில்' என்ற சொல்லைக் காணும்போது எனக்கு அந்த ஆறு கிலோ நினைவுக்கு வருகிறது. நாளைக்காக இன்று சிலவற்றைத் தொடாமல் வைக்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அதற்காக இன்று யாருடைய வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கிறது என்று கேட்காமல் நாம் எழுதும் விதி, யாருக்கான அமானிதம்?