வாங்கத் தெரிந்த வீடு

சென்னை எம்.கே.பி. நகரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் பாட்டுச் சத்தம் காதில் விழும். கோபுரம் வைத்த பெரிய ஆலயங்கள் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் இருக்கின்றன. இங்கே இருப்பவை வேறு மாதிரி. வாடகைக்கு எடுத்த ஒரு மொட்டை மாடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, ஒரு டோலக். முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். பல இடங்களில் அதே மாடியின் ஓரத்தில், ஒரு தடுப்புக்கு அப்பால், போதகரின் குடும்பம் குடியிருக்கும். செய்தி நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும்.

இப்படிப்பட்ட தெருக்களிலிருந்து கிராமங்களுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் இருபது பேர் கூடும் சபைகளை நம்பி மனைவி மக்களோடு போய்க் குடியேறுகிறார்கள். இன்னும் தொலைவாக, குஜராத்தின் டாங்ஸ் மலைப்பகுதிக்கும் பீகாருக்கும் தமிழ்க் குடும்பங்கள் போயிருக்கின்றன. ஃபிரண்ட்ஸ் மிஷனரி ப்ரேயர் பேண்ட் போன்ற அமைப்புகள் நம் ஊர் ஜெபக்குழுக்களின் காணிக்கையைக் கொண்டே அவர்களை அனுப்பிவைத்தன. அழைப்பு ஒருவர் காதில் விழுகிறது. ஆனால் பெட்டி கட்டுவது வீடு முழுவதும்.

மிஷனரி என்றதும் நம் மனதில் வருவது ஓர் ஆண், கையில் ஒரு வேதப்புத்தகம், முன்னால் ஒரு ஒற்றையடிப்பாதை. அந்தப் பாதையின் மறுமுனையில் ஒரு வீடு இருந்தது, அதில் ஒரு பெண் இருந்தாள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். தெற்கே அவரை ஐயரம்மா என்பார்கள், இங்கே பாஸ்டரம்மா. அவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது. ஞாயிறு பள்ளி நடத்துவதும், பிரசவத்துக்குத் துணையாக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவதும், புருஷன் அடித்தான் என்று நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவளுக்குப் பாய் விரிப்பதும் அவர்தான். திடீரென்று வந்து உட்கார்ந்த நான்கு பேருக்கு இருக்கிற சாம்பாரில் தண்ணீர் ஊற்றிச் சமாளிப்பதும் அவரே. படித்த படிப்பு என்ன, விரும்பிய வேலை என்ன என்று அவரைக் கேட்டவர்கள் சபையில் எத்தனை பேர்?

பிள்ளைகளின் நிலை இதைவிட நுட்பமானது. பெற்றோராவது ஒரு நாள் முழங்காலில் நின்று, போகிறோம் என்று தாங்களே சொன்னவர்கள். பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. வடநாட்டு மலைக்கிராமங்களில் ஊழியம் செய்கிறவர்களின் பிள்ளைகள் படிப்பதற்கென்றே திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளி நடக்கிறது. நல்ல பள்ளி, அன்பான ஆசிரியர்கள். ஆனாலும் விடுமுறைக்கு விடுமுறைதான் அம்மாவின் முகம். இந்தப் பிரிவு புதிதும் அல்ல. வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரிக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது அமெரிக்காவில் உறவினர் வீட்டில் அவரை விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்ற உறுதியோடு வளர்ந்த பெண் அவர். பிற்பாடு திண்டிவனத்தில் அவர் மனம் மாறியது வேறு கதை. அந்தப் பெண்ணின் முதல் மறுப்பையும் நாம் மதிக்க வேண்டும். அது தனியாக விடப்பட்ட ஒரு குழந்தையின் நியாயம்.

இத்தனையையும் பார்த்துவிட்டு நாம் என்ன செய்கிறோம்? புகழ்கிறோம். தியாகக் குடும்பம் என்று மேடையில் சொல்கிறோம், சால்வை போர்த்துகிறோம், ஜெபக்குறிப்பில் பெயர் சேர்க்கிறோம். புகழ்ச்சியில் ஓர் ஆபத்து இருக்கிறது. அது அந்தக் குடும்பத்தை ஓர் உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. உயரத்தில் இருக்கிறவர்களுக்குப் பசிக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் பசிக்கிறது என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வருவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஒவ்வொரு மழைக்கும் அரிசியும் பாலும் பங்கிட்டுக் கொடுக்கிற ஒரு போதகர் வீட்டில் அந்த முறை அடுப்பே நனைந்துவிட்டது. மீன் விற்கிற ஒரு பாட்டி, முழங்கால் தண்ணீரில் நடந்து, தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். பாஸ்டரம்மா சங்கடப்பட்டு, "வேணாம்மா, நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க" என்றார். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க குடுத்தா நாங்க வாங்கிக்கணும். நாங்க குடுத்தா வாங்க மாட்டீங்களா? அப்போ நாங்க இன்னா, உங்க வூட்டு ஜனம் இல்லியா?" பாஸ்டரம்மா இரண்டு கையாலும் அந்தத் தூக்கை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு, மிஷனரி வரலாற்றில் படித்த பல விஷயங்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு மாதிரி தெரியத் தொடங்கின.

இடையன்குடியை எடுத்துக்கொள்ளலாம். ராபர்ட் கால்டுவெல் 1841இல் அந்தத் தேரிக்காட்டு ஊருக்கு வந்து பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார். தெருக்களை ஒழுங்குபடுத்தினார், பள்ளி வைத்தார், ஆலயம் எழுப்பினார். தமிழுக்கு அவர் செய்த தொண்டு உலகறிந்தது. அப்படிப்பட்டவர் 1849இல் சாணார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல், அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மக்களையே புண்படுத்தியது. நாசரேத் பக்கத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனரிகளை விட்டு விலகித் தனிச்சபை கண்டதன் பின்னணியில் அந்த மனப்புண்ணும் உண்டு. அள்ளிக் கொடுத்த கைதான் அதையும் எழுதியது. கொடுத்துக்கொண்டே இருக்கிறவருக்கு எதிரில் நிற்கிறவரின் குறைகள்தான் கண்ணில் படும். அதே வீட்டில், 1844இல் கால்டுவெல்லை மணந்து வந்த எலைசா இருந்தார். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். நாஞ்சில் நாட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களின் பேச்சு அவருக்கு அந்நியப் பேச்சு அல்ல. சிறுவயதிலேயே அக்கம்பக்கத்து மக்களிடமிருந்து வாங்கிக்கொண்ட பேச்சு அது.

கொடுப்பதையும் வாங்குவதையும் சேர்த்துக் கற்ற ஒரு குடும்பமும் அதே திருநெல்வேலிச் சீமையில்தான் உருவானது. வெள்ளாளன்விளை ஒரு சின்னக் கிராமம். அங்கே போதகராக இருந்தவர் தாமஸ் வேதநாயகம். பிறந்தபோது அவர் பெயர் வேலாயுதம். அவருக்கும் மனைவி எலனுக்கும் நெடுங்காலக் காத்திருப்புக்குப் பின் 1874இல் பிறந்த மகன் வேதநாயகம் சாமுவேல் அசரியா. கிராமத்துப் போதகர் வீட்டுக் குறைச்சலும் நிறைவும் தெரிந்து வளர்ந்த பிள்ளை. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊழியர்களை அனுப்புவதை அவர் பார்த்தார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெள்ளைக்காரர் பணமும் இல்லை, வெள்ளைக்காரர் தலைமையும் இல்லை. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் உள்ள சபைகளின் காணிக்கையிலிருந்து சாமுவேல் பாக்கியநாதன், நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்கு முதல் மிஷனரியாக அனுப்பப்பட்டார். 1909இல் அசரியாவே குருப்பட்டம் பெற்று அங்கே போனார். கூடவே மனைவி அன்பு மாரியம்மாளும் பிள்ளைகளும். அந்தக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட மிகச் சில தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர் அன்பு. தெரியாத மொழி, தெரியாத மண். தெலுங்கு கற்றுக்கொண்டு, மாலா, மாதிகா சேரிகளின் பெண்களோடு உட்கார்ந்து பழகியது அவர் வாழ்க்கை.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர்கள். அங்கே அசரியா எழுந்து, மேலைநாட்டு மிஷனரிகளின் உழைப்பையும் தியாகத்தையும் நன்றியோடு நினைத்தார். அதன்பிறகு அவர் கேட்டது பலரைத் திடுக்கிட வைத்தது. எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்றார். அவர் பேச்சின் உயிர் அந்த வேண்டுகோள்தான். நட்பு ஒருவழிப் பாதையில் வருவதில்லை. என் வீட்டில் நீ சாப்பிட வேண்டும், உன் வீட்டில் நான் சாப்பிட வேண்டும். என் சோற்றை வேண்டாம் என்கிறவர் எனக்கு எவ்வளவு உதவி செய்தாலும் எனக்கு எஜமானாகத்தான் இருக்க முடியும்.

1912இல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே. அவருடைய சபை மக்கள் நிலமில்லாக் கூலிகள், பல தலைமுறையாகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களிடம் காணிக்கை கேட்கலாமா என்று வேறொருவர் தயங்கியிருப்பார். அசரியா தயங்கவில்லை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்துவைக்கிற வழக்கம் தெற்கத்திச் சபைகளில் அவர் பார்த்து வளர்ந்தது; அதையே இங்கும் கேட்டார். கொடுத்தலைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஊர் முழுவதும் தொட மறுத்த கையிலிருந்து ஒருவர் அரிசியை வாங்குகிறார் என்றால், அந்தக் கைக்கு அது என்ன செய்தியாக இருந்திருக்கும்! உன்னிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. எத்தனை பிரசங்கம் செய்தாலும் வராத நிமிர்வு அந்த ஒரு பிடியில் வந்தது.

இதைச் சொல்லும்போது ஒரு பயமும் எனக்கு உண்டு. ஏழையிடம் வாங்குவது புண்ணியம் என்று சொல்லிச் சொல்லியே ஏழையைச் சுரண்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டு வேலை செய்து சம்பாதித்த பணத்தில் தசமபாகம் வைக்கிற பெண்ணுக்கு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க வழியில்லாத சபைகள் இருக்கின்றன. அங்கே நடப்பது வாங்குவது ஆகாது, பறிப்பது. வாங்குகிறவர் தன் தேவையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேவை தீர்ந்த பிறகு கை நீட்டக் கூடாது. கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுத்தவர் வீட்டுக்கும் வாங்கியவர் வீட்டுக்கும் வசதியில் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. கருவாட்டுக் குழம்பை வாங்கிய பாஸ்டரம்மா அதை அந்த இடத்திலேயே பிள்ளைகளுக்குப் பரிமாறினார். நனைந்த வீட்டில் அது ஒரு வேளைச் சாப்பாடு. உறவின் கணக்கு அதோடு நேராகிவிட்டது.

வேதாகமத்தைத் திறந்தால் இது புதிய சங்கதி இல்லை என்று தெரிகிறது. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசியைக் கடவுள் ஓர் அரண்மனைக்கு அனுப்பவில்லை. சாறிபாத்தில் இருந்த, பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே மிச்சமிருந்த விதவையிடம் அனுப்பினார். அவளுக்கு எலியா செய்த முதல் ஊழியம், தண்ணீரும் அப்பமும் கேட்டதுதான். யாக்கோபின் கிணற்றருகே இயேசு பேச்சைத் தொடங்கியது உபதேசத்தால் அல்ல, தாகத்தால். யூதர்கள் ஒதுக்கிய சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சீடர்களை ஊர் ஊராக அனுப்பியபோது பணப்பையும் சாமான்பையும் எடுத்துப் போகாதீர்கள் என்றார். போகிற வீட்டில் கொடுக்கிறதைச் சாப்பிடச் சொன்னார். எல்லாம் கையில் இருக்கிறவராக யாரும் அனுப்பப்படவில்லை. பசியோடும் தாகத்தோடும் அனுப்பப்பட்டார்கள். அந்தக் குறை ஊழியத்துக்கு இடையூறாக வந்ததல்ல. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கான காரணமே அதுதான்.

அப்படியானால் ஒரு சின்னச் சபைக்கும் அதன் போதகர் வீட்டுக்கும் இடையே என்ன இருக்க வேண்டும்? பாஸ்டரம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அவர் அதைச் சொல்ல வேண்டும், சபை கஞ்சி வைத்துக்கொண்டு வரவேண்டும். டோனாவூருக்குப் படிக்கப் போன பிள்ளை விடுமுறையில் வரும்போது, சாட்சி சொல்லு, பாட்டுப் பாடு என்று மேடையேற்றாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு தெருவில் கிரிக்கெட் ஆட விட வேண்டும். அந்தப் பிள்ளை ஒரு நாள் எனக்கு இந்த ஊழியம் வேண்டாம் என்று சொன்னால், அதைக் கேட்டு முகம் சுளிக்காத சித்தப்பாவும் அத்தையும் சபையில் இருக்க வேண்டும். ஊழியத்துக்காகச் சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த குடும்பத்துக்கு, வந்த இடத்தில் உற்றார் கிடைக்காவிட்டால், நாம் அவர்களிடம் எதைக் கேட்டு என்ன கற்றோம்?

கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் சிறியவர் என்பது உலகத்தின் கணக்கு. அந்தக் கணக்கோடு ஒரு கிராமத்துக்குப் போகிறவர் பள்ளி கட்டலாம், ஆஸ்பத்திரி கட்டலாம், ஆலயமும் எழுப்பலாம். சபையைக் கட்ட முடியாது. பந்தியில் பரிமாறுகிறவரும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். தன் பசியை மறைக்காத குடும்பம்தான், எதிர்வீட்டு ஏழைக்கும் கொடுக்கக் கை இருக்கிறது என்று காட்டுகிறது. அந்த ஏழை கொடுத்ததை நன்றியோடு வாங்குகிற கணத்தில் அவரை மனிதராக, சமமானவராக, சொந்தமாக ஏற்றுக்கொள்கிறது. அன்பு என்று வேதம் சொல்வது இந்த ஏற்றுக்கொள்ளலைத்தான். கொடுக்கப் பழகியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கவும் பழகினால்தான் நாம் ஒரே குடும்பமாவோம்.