பாசியின் கணக்கு

குளத்துப் படியில் காலை வழுக்கிவிடும் நீலப்பச்சைப் பாசியை யார் மதிக்கிறோம்? ஆனால், சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றையே மாற்றியது அதன் குலந்தான். பகலில் வெயிலின் துணையால் அது நீரைப் பிளக்கிறது. கழிவாகப் பிராணவாயு வெளியேறுகிறது. அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு அந்த வாயு நஞ்சு.

இரவிலோ, பகலில் சேர்த்த சர்க்கரைச் சத்தை எரிக்க, பாசி அதே வாயுவை ஏற்கிறது. சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை மீண்டும் நீராக்குகிறது. முழுவதையும் அல்ல, ஒரு பங்கைத்தான். மிச்சத்தில் நாம் மூச்சு விடுகிறோம்.

பாசிக்குத் தர்மம் தெரியாது. தெரிந்த நாமோ குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டிவிட்டு, “என் வீடு சுத்தம்” என்கிறோம். தன் செயலின் விளைவில் ஒரு பங்கையேனும் சுமக்காதவனுக்குச் சுத்தம் பேச என்ன உரிமை?